மஸ்லின் உடுத்திய ராணி: 1783-இல் ஒரு படம் சுவரிலிருந்து இறங்கிய கதை

1783 ஆகஸ்ட் 25. பாரிஸில் லூவர் அரண்மனையின் சதுர மண்டபம் திறக்கிறது. அரச ஓவியக் கழகம் இரண்டாண்டுக்கு ஒருமுறை அங்கே கண்காட்சி வைக்கும். மண்டபத்தின் பெயரே கண்காட்சிக்கும் ஒட்டிக்கொண்டது: சலோன். நுழைவுக் கட்டணம் கிடையாது. சீமாட்டியும் வருவார், அவருக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவரும் வருவார். தரைப் பக்கத்திலிருந்து கூரைவரை சட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கும்.

அந்த நெருக்கத்தில் ஒரு படத்தின் முன்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். முணுமுணுப்பு சத்தமானது. கொஞ்ச நாளில் படத்தைக் கழற்றிவிட்டார்கள். படத்தில் இருந்தவர் பிரான்சின் ராணி மரி அந்துவானெத். வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ருன். இருவருக்கும் ஒரே வயது, 1755-இல் பிறந்தவர்கள்.

"ராணி உள்ளாடையோடு போஸ் கொடுத்தார், ஊர் கொதித்தது" என்று இந்தக் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். கொதித்தது உண்மைதான். ஆனால் அந்த உடை அதற்கு முன்பே அரசவை இருந்த வெர்சாய் அரண்மனையில் பலர் உடுத்திப் பழகியது. ராணி அதில் நடமாடியதை அரண்மனையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஏன் படத்தில் பார்த்ததும் கோபம் வந்தது? எனக்குத் தோன்றும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் பிழை இல்லை. அதை எந்தச் சுவரில் மாட்டினார்கள், அதில் என்ன துணி தெரிந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் வம்பானது.

படத்தில் என்ன இருக்கிறது

உயரம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், அகலம் 72. ஒரு சாதாரண வீட்டுச் சுவருக்குக்கூடப் பொருந்தும் அளவு. பின்னணி வெறும் பழுப்பு. சிம்மாசனம் இல்லை, மகுடம் இல்லை, அரச குலத்தின் லில்லிப் பூ முத்திரை இல்லை. நகை என்று ஒரு குண்டுமணி கூட இல்லை. தலையில் அகன்ற வைக்கோல் தொப்பி, அதில் நாடாவும் இறகும். உடல் முழுக்க வெள்ளை மஸ்லின், அதாவது மிக மெல்லிய பருத்தித் துணி. கழுத்தைச் சுற்றிச் சுருக்கு, கை புடைப்பாக வந்து நடுவில் கட்டு. இடுப்பில் பொன்னிறச் சல்லாத் துணி. கையில் ஒரு ரோஜா. விரல்கள் பூவின் காம்பில் நாடா சுற்றுகின்றன. கண்கள் நம்மைப் பார்க்கின்றன. பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டதால் நிமிர்ந்த மாதிரி.

மூலப் படம் ஜெர்மனியில், ஹெஸ்ஸ குடும்ப அறக்கட்டளையிடம் இருக்கிறது. வேறு யாரோ அதைப் பார்த்து வரைந்த பழைய பிரதி ஒன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நெடுநாள் அதையும் விஜே லெ ப்ருன் கைவண்ணம் என்றே நினைத்தார்கள். அந்தப் பிரதியை இணையத்தில் இலவசமாக இறக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெள்ளை உடை என்று நாம் சொல்வதில் சுத்த வெள்ளை கொஞ்சம்தான். மடிப்பு விழும் இடமெல்லாம் சாம்பல், கை தெரியும் இடத்தில் துணிக்கு அடியிலிருந்து தோலின் நிறம் மேலே வருகிறது. மெல்லிய துணியை எழுதுவது என்றால் துணிக்குப் பின்னால் இருப்பதை எழுதுவதுதான்.

ராணியின் தோலைப் பற்றி ஓவியர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருப்பது இங்கே பொருந்தும். அது நிழலே விழாத அளவுக்கு ஒளி ஊடுருவும் தோலாம். அதற்குத் தகுந்த நிறம் தன் தட்டில் இல்லை என்று புலம்புகிறார். ஒளி ஊடுருவும் தோலுக்குப் பக்கத்தில் ஒளி ஊடுருவும் துணி. ஓவியரைக் கேட்டால் இந்த உடையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

உடையின் பெயர் பேச்சுவழக்கில் 'கோல்'. பின்னால் 'ஷெமீஸ் ஆ லா ரேன்' என்று பெயர் நிலைத்தது, அதாவது ராணியின் ஷெமீஸ். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பெண் குழந்தைகளுக்குக் கவுனுக்குள்ளே போட்டுவிடும் சிம்மீஸ் இருக்கிறதே, அதே சொல்தான் ஆங்கிலம் வழியாக நம் வீட்டுக்கு வந்தது. பிரெஞ்சுக்காரருக்கும் ஷெமீஸ் என்றால் உடம்போடு ஒட்டி உள்ளே போடுவது. கரீபியத் தீவுகளின் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் வெயிலுக்காகப் பெண்கள் உடுத்திய வெள்ளை உடுப்பிலிருந்து இது வந்தது என்பார்கள். பாவாடையைப் பக்கவாட்டில் விரித்து நிறுத்தும் கூண்டு கிடையாது. தலைவழியாகப் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

இதே ஓவியர் 1778-இல் இதே ராணியை முதன்முதலாக வரைந்த படத்தை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் உறைக்கும். அது இரண்டே முக்கால் மீட்டர் உயரம். வெள்ளை சாட்டின், இரண்டு பக்கமும் கதவு அகலத்துக்கு விரிந்த பாவாடை, பின்னால் தூண், பக்கத்தில் மெத்தைமேல் மகுடம். வியன்னாவில் இருந்த தாய் மரியா தெரேசாவுக்காக வரைந்தது. இன்றும் வியன்னாவில்தான் இருக்கிறது. அதில் ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், உடை அப்படி விழுங்கியிருக்கிறது.

ஓவியர் உள்ளே வந்த வழி

படத்தின்மேல் விழுந்த கல்லில் கொஞ்சம் ஓவியரைக் குறிவைத்ததும் உண்டு. விஜே லெ ப்ருனின் தந்தை லூயி விஜே வண்ணச் சுண்ணத்தில் உருவப்படம் வரைபவர்; மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இறந்துபோனார். இருபது வயது தாண்டுவதற்குள் மகள் வரைந்துதான் சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1776-இல் கணவராக வாய்த்தவர் ஓவிய வியாபாரி. இந்தக் கல்யாணம்தான் முட்டுக்கட்டை. கழகத்தில் இருப்பவருக்கு ஓவிய வியாபாரத்தோடு தொடர்பு இருக்கக் கூடாது என்பது விதி. கணவர் கடை நடத்தினால் மனைவிக்கும் தீட்டு. அதோடு, பெண்கள் மொத்தம் நான்கு பேருக்குமேல் கூடாது என்று 1770-இலேயே வரம்பும் போட்டிருந்தார்கள்.

ராணி தலையிட்டார், அரசர் உத்தரவு போட்டார். 1783 மே 31 அன்று விஜே லெ ப்ருன் உள்ளே வந்தார். அதே நாளில் அதெலாயித் லபீல்-கியார் என்ற இன்னொரு பெண் ஓவியரையும் சேர்த்தார்கள். அவருக்கு உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. நான்கு இடமும் நிரம்பியது. ஒருவர் முறைப்படி, ஒருவர் சிபாரிசில் என்று ஊர் ஒப்பிட்டுப் பேசியதைச் சொல்லவே வேண்டாம். விஜே லெ ப்ருனின் படங்களை அவரே வரைவதில்லை, மெனஜோ என்ற ஆண் ஓவியர் தொட்டுத் திருத்திக் கொடுக்கிறார் என்ற வதந்தியும் சுற்றியது.

அவருடைய முதல் சலோன் இது. சிபாரிசு செய்த ராணியின் படத்தையே கொண்டுவந்து மாட்டுகிறார். ராணிக்கும் அவருக்கும் இருந்த நெருக்கம் ஊரறிந்தது. இருவரும் சேர்ந்து கிரெத்ரி என்ற இசையமைப்பாளரின் பாட்டுகள் பாடியதையும், தான் கர்ப்பமாக இருந்த சமயம் தூரிகைகள் சிதறி விழ, ராணியே குனிந்து பொறுக்கிக் கொடுத்ததையும் ஓவியர் எழுதியிருக்கிறார். அந்த அறைக்குள் பார்த்தால் இந்தப் படம் சிநேகிதி வரைந்த சிநேகிதியின் படம். அதை அறைக்கு வெளியே கொண்டுவந்ததில்தான் சிக்கல்.

நத்தியேயின் சிவப்பு

எளிமையாக உடுத்திய ராணியை பாரிஸ் பார்த்ததே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முப்பத்தைந்து ஆண்டு முன்னால், 1748 சலோனில், நத்தியே என்ற ஓவியர் வரைந்த மரி லெஸ்ஸின்ஸ்காவின் படம் தொங்கியது. பதினைந்தாம் லூயியின் ராணி. அதிலும் மகுடம் இல்லை, பட்டாபிஷேக அங்கி இல்லை. நகரத்தில் போட்டுக்கொள்ளும் உடையிலேயே வரைய வேண்டும் என்று கேட்டவரே ராணிதான். ஓரத்தில் ரோமம் வைத்த சிவப்பு உடை, தலையில் கறுப்பு லேஸ், கை வேதப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிறது. மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிரதிமேல் பிரதி எடுத்தார்கள்.

இந்த ஒப்பீட்டை நான் முக்கியமாக நினைக்கிறேன். ராணி என்றால் மகுடத்தோடுதான் இருக்க வேண்டும் என்பது பாரிஸின் பிடிவாதம் அல்ல. வீட்டுக்குள் இருக்கும் ராணி பரவாயில்லை. ஆனால் அந்த வீட்டில் வேதம் வாசிக்க வேண்டும், கணவரின் நாட்டுத் துணியைச் சுமக்க வேண்டும். மரி அந்துவானெத்தின் படத்தில் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை, தேவனும் இல்லை. இளவரசர் பிறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெற்ற ராணியை நாடே கொண்டாடிய காலம். படத்திலோ ஒரு பூ.

படத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தமும் உண்டு. த்ரியானோன். 1774-இல் அரசர் ராணிக்குக் கொடுத்த சின்ன மாளிகை. அங்கே ராணி கூப்பிட்டால்தான் போக முடியும், உத்தரவுகள்கூட ராணியின் பெயரில்தான். பொலிஞாக் சீமாட்டி போன்ற நெருங்கிய சிநேகிதிகள் இதே வெள்ளை உடையில் அங்கே உலவுவார்கள். அழைப்பு கிடைக்காத பெரிய குடும்பங்கள் வெளியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. ஆகவே சலோனில் அந்த உடையைப் பார்த்தவர்கள் ஒரு துணியை மட்டும் பார்க்கவில்லை. தங்களுக்குச் சாத்திய கதவையும் பார்த்தார்கள். அரண்மனையின் அந்தரங்கத்துக்கு உரிய உடையில் இத்தனை பெரிய மனிதர்களைப் பொதுவில் காட்டுவதா என்பதுதான் அந்த நேரத்துச் செய்திக் குறிப்புகளில் இருக்கும் புகாரின் சாரம். பன்மையில் சொன்னதற்குக் காரணம், அரசரின் தம்பி மனைவியின் படமும் இதேபோன்ற உடையில் அங்கே இருந்தது. வீட்டில் நைட்டியோடு இருப்பதை யாரும் கேட்பதில்லை. கல்யாண மண்டப மேடையில் நைட்டியோடு நின்றால் கேட்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் வாதம்.

துணிக் கணக்கு

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று பணத்தைப் பற்றியது. லியோன் நகரத்துப் பட்டுத் தறிகள் வெர்சாயை நம்பித்தான் ஓடின. அரசவை என்ன உடுத்துகிறதோ அதையே சீமான்கள் வாங்குவார்கள், சீமான்கள் வாங்குவதையே ஐரோப்பாவின் மற்ற அவைகள் கேட்கும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பருத்திக்கு மாறினால்? ராணி லியோனைப் பட்டினி போடுகிறார் என்றார்கள். ஆஸ்திரிய ஆதிக்கத்தில் இருந்த நெதர்லாந்தில் மெல்லிய துணி நெய்யும் ஊர்கள் இருந்தன; அதன் அதிபதி ராணியின் அண்ணன் இரண்டாம் யோசெப். தங்கை அண்ணனுக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறாள் என்ற பேச்சுக்கு வேறென்ன வேண்டும்? "ஆஸ்திரியக்காரி" என்ற வசை ஏற்கனவே தயாராக இருந்தது.

மஸ்லின் என்றதும் அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு நினைவு வருவது இந்தியா, முக்கியமாக வங்காளம். இந்தியப் பருத்தியிடம் பிரான்சுக்கு இருந்த பயம் பழையது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயமிட்ட, எழுத்து வேலை செய்த துணிகளுக்கு அங்கே 'அந்தியேன்' என்றே பெயர். பட்டு, கம்பளி நெசவாளரைக் காக்க 1686-இல் அவற்றுக்குத் தடை போட்டு, 1759-இல்தான் எடுத்தார்கள். எழுபத்து மூன்று ஆண்டு. தடை போட்டும் சீமாட்டிகள் உடுத்துவதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். ஆகவே சலோனில் நின்ற துணி வியாபாரிக்கு ராணியின் வெள்ளை உடையில் எளிமை எதுவும் தெரிந்திருக்காது. இறக்குமதிச் சரக்கு தெரிந்திருக்கும்.

அதே சலோன் நடந்துகொண்டிருக்கும்போது, செப்டம்பர் 3 அன்று, வெர்சாயில் இங்கிலாந்தோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலூரில் அந்த ஜூன் மாதம் வரை சண்டை நடந்தது. 1778-இலிருந்து ஆங்கிலேயர் கையில் இருந்த புதுச்சேரி அந்த ஒப்பந்தத்தால்தான் பிரான்சுக்குத் திரும்பியது. படத்தைத் திட்டியவர்கள் புதுச்சேரியை நினைத்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மஸ்லின் பிறந்த வங்காளம் எதிராளியின் பிடியில் இருந்த காலம் அது.

ராணியின் எளிமை எவ்வளவு எளிமை என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. உடுப்புக்கு அவருக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 1,20,000 லீவ்ர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம்). 1785-இல் செலவு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. வைக்கோல் தொப்பியும் ராணிக்கு உடுப்பு செய்து கொடுத்த ரோஸ் பெர்த்தேன் போன்றவர் கடையிலிருந்து வந்தால் வைக்கோல் விலைக்கு வராது. ஊர் இந்த விஷயத்தில் முழுக்க அநியாயமாகப் பேசியது என்று நான் சொல்ல மாட்டேன்.

மாற்றுப் படம்

இனி நடந்ததுதான் இந்த நிகழ்வை ஆய்வுக்கு இவ்வளவு வசதியாக்குகிறது. படத்தை இறக்கிய இடத்துக்கு விஜே லெ ப்ருன் அவசரமாக இன்னொன்று வரைந்தார். இன்று வெர்சாயில் இருக்கும் 'ரோஜாவோடு ராணி'. இரண்டையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலை சாய்வு அதேதான். முகம் அதேதான். அதே ரோஜா, அதே நாடா, விரல்கள் அதே இடத்தில். மாறியது உடுப்பும் பின்னணியும்தான். நீலச் சாம்பல் பட்டு, அதன்மேல் லேஸ். கழுத்தில் முத்து, மணிக்கட்டில் முத்து. வைக்கோல் போய் இறகு வைத்த தலைப்பாகை. பழுப்புப் பின்னணிக்குப் பதில் மரமும் ரோஜாச் செடியும். கொஞ்சம் பெரிய படமும்கூட.

ராணியின் பார்வை திமிரானது, தனியாக நிற்பது தவறு, பூ அற்பம் என்பதெல்லாம் உண்மையான காரணமாக இருந்திருந்தால் அவற்றையும் மாற்றியிருப்பார்கள். மாற்றவில்லை. இரண்டாவது படத்திலும் கணவர் இல்லை, பிள்ளை இல்லை, மகுடம் இல்லை. ஆனால் பட்டு இருந்தது. யாரும் அதை இறக்கச் சொல்லவில்லை. சோதனைச்சாலையில் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பது போல, சலோன் தன்னை அறியாமல் செய்துகாட்டிவிட்டது.

ஓவியரோ இதைப் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்ததால் ராணியை உள்ளாடையில் வரைந்துவிட்டதாகப் பொல்லாத வாய்கள் சொல்லின, ஆனாலும் படங்கள் நன்றாகவே எடுபட்டன என்ற அளவில் கடந்துபோகிறார். எழுதும்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். எனக்கு அவர் வார்த்தையில் பாதிதான் நம்பிக்கை. வலித்த இடத்தைத் தடவிக்கொடுப்பது போலத்தான் படிக்கிறது.

உடை என்னவோ ஜெயித்தது. 1784-இல் இங்கிலாந்தின் டெவன்ஷர் சீமாட்டி, பிரான்ஸ் ராணி தனக்குக் கொடுத்த மஸ்லின் ஷெமீஸைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போனதாகக் கடிதம் எழுதுகிறார். யாரும் முகம் சுளித்ததாக இல்லை.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்று: 1788-இல் திப்பு சுல்தானின் தூதர்கள் பாரிஸ் வந்தார்கள், புதுச்சேரியில் கப்பலேறிப் போனவர்கள். அவர்களில் முகமது தர்வேஷ் கானை விஜே லெ ப்ருன் ஆளுயரத்தில் வரைந்தார். அவர் உடுத்தியிருப்பது என்ன? பொன் பூ போட்ட வெள்ளை மஸ்லின். 1789 சலோனில் வைத்தார்கள். அந்த மஸ்லின் யார் கண்ணையும் குத்தவில்லை. 2019-இல் அந்தப் படம் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ரோஜா இன்னொரு முறை

படம் இறங்கி ஒரு வருடம். 1784 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு, வெர்சாய்த் தோட்டத்தின் ஒரு புதர்ச்சோலையில் கர்தினால் ரோஆன் காத்திருந்தார். ராணியின் கோபத்தைத் தணித்து எப்படியாவது மந்திரியாகிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. லா மோத் என்ற சீமாட்டி ஏற்பாடு செய்த சந்திப்பு. இருட்டில் வந்த பெண் அவர் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்து ஓரிரு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் போனாள். ராணியே மன்னித்துவிட்டார் என்று கர்தினால் பூரித்துப்போனார். வந்தவள் நிக்கோல் லெகே, முகச்சாயல் உள்ள ஒரு பாரிஸ் பெண். உடுத்தியிருந்தது வெள்ளை கோல்.

வேஷம் எவ்வளவு சுலபம் பாருங்கள். இரண்டு பக்கமும் விரியும் அரசவை உடையில் ராணி போல வேஷம் போட வேண்டுமென்றால் ஒரு பட்டாளமே வேண்டும். வெள்ளை மஸ்லினும் ஒரு ரோஜாவும் என்றால் ஒரு பெண்ணும் ஓர் இருட்டும் போதும். சலோனில் எல்லாரும் பார்த்துப் பேசிய உருவம் அது.

அந்த நம்பிக்கையில்தான் ரோஆன் ராணிக்காக என்று நினைத்து 647 வைரம் பதித்த, 16 லட்சம் லீவ்ர் விலையுள்ள அட்டிகைக்குக் கையெழுத்துப் போட்டார். அட்டிகை லா மோத் கூட்டத்திடம் போய்ப் பிய்ந்தது. 1785-இல் கர்தினால் கைது. 1786 மே 31 அன்று விடுதலை. ராணி இந்த விவகாரத்தில் எதையும் அறியாதவர். ஆனால் கர்தினால் ஏமாந்தது நியாயம்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதன் பொருள், பிரான்சின் ராணி இரவில் புதரில் ஒருவரைச் சந்திக்கக் கூடியவர் என்று நினைத்ததில் குற்றமில்லை என்பது.

அதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது. தாயாக, பிள்ளைகளோடு ராணியை வரையும் பொறுப்பு விஜே லெ ப்ருனிடமே வந்தது. கூலி 18,000 லீவ்ர். இம்முறை சிவப்பு வெல்வெட், ஓரத்தில் ரோமம். நத்தியேயின் பழைய சிவப்பை மரி அந்துவானெத்துக்கு உடுத்திவிட்டார்கள். மடியில் ஒரு பிள்ளை, தோளில் சாய்ந்து ஒன்று, மூத்த இளவரசர் காலித் தொட்டிலைக் காட்டி நிற்கிறார். கடைசிக் குழந்தை சோஃபி 1787 ஜூனில் இறந்திருந்தாள். அந்த ஆண்டு சலோன் திறந்த நாளில் கூட்டத்துக்குப் பயந்து படத்தை அனுப்பவில்லை. வெறும் சட்டம் மட்டும் தொங்கியது. கஜானாவின் ஓட்டை அம்பலமாகியிருந்த வருடம். யாரோ சட்டத்தைக் காட்டி, "இதோ பற்றாக்குறை" என்றார்.

படம் பின்னால் வந்து மாட்டப்பட்டது, பிறகு வெர்சாய்க்குப் போனது. 1789 ஜூனில் மூத்த இளவரசரும் இறந்தார். அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் அழுகை வந்ததால் ராணி அதை எடுத்துவிடச் சொன்னார். அவமதிப்பாக நினைக்க வேண்டாம் என்று ஓவியருக்குச் சொல்லியும் அனுப்பினார். புரட்சி தொடங்கிவிட்ட அந்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் மீன்காரிகள் வெர்சாய்க்கு நடந்து வந்து, மறுநாள் விடிகாலை அரண்மனைக்குள் புகுந்தபோது அது சுவரில் இல்லை. அதனால்தான் தப்பியது என்று விஜே லெ ப்ருன் எழுதுகிறார். அவரும் அதே நாட்களில் மகளைக் கூட்டிக்கொண்டு, பொது வண்டியில் ஏறி இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார்.